ஓட்டிப் பார்க்காத எஞ்சின்

படகு எஞ்சினைக் கைவண்டியில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள் வைமோவானா. நெயாஃபு ஊரின் மேட்டுச் சாலையில் ஆண்களுக்கே மூச்சு வாங்கும். கேட்டிருந்தால் யாராவது கை கொடுத்திருப்பார்கள். மகனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட் ஹவேயா வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா மகன் கிட்டியோனே, டாக்சி ஓட்டுகிறவன், மாமாவின் புகையிலையை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். அக்கா பிள்ளை கேட்டால் மாமன் மறுக்கக் கூடாது என்பது எங்கள் தொங்காத் தீவுகளில் வழக்கம். கிட்டியோனே கேட்பதுகூட இல்லை.

"ஃபிலிமோனே மேல கேஸ் போட்டிருக்கேன் அண்ணே. திங்கக்கிழமை விசாரணை" என்றாள் வைமோவானா. "பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். எம் பிள்ளை மேல தப்பில்லைன்னு ஜட்ஜ் வாயால ஒரு வார்த்தை வரணும். அது போதும்."

விஷயம் இதுதான். அவள் மகன் லாத்து, வியாபாரி ஃபிலிமோனேயிடம் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கினான். ஒரு திங்கட்கிழமை விடியலில் அதை முதல் தடவையாகப் படகில் மாட்டிக்கொண்டு போனான். திரும்பவில்லை. ஆளில்லாத தீவொன்றில் படகு மட்டும் ஒதுங்கியது. எண்ணெய்த் தொட்டி ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. எஞ்சின் சீக்கிரமே நின்றிருக்க வேண்டும். பையன் நீந்திக் கரைசேரப் பார்த்திருப்பான்.

ஃபிலிமோனேயோ ஊர் முழுக்க ஒரே பாட்டைப் பாடினார். சனிக்கிழமை கடைவாசலில் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தாராம். பையன் கவனமில்லாமல் கடலில் முக்கிக் கெடுத்துவிட்டானாம். ரசீதும் சனிக்கிழமை என்றே சொன்னது. செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்? ஊரும் தலையாட்டியது.

ஹவேயா எஞ்சினின் மூடியைக் கழற்றினார். உள்ளே உப்புப் பூத்து, துரு அடை அடையாக அப்பியிருந்தது.

"இது நேத்து முந்தாநாள் துரு இல்லை. மாசக்கணக்கா கடலடியில கிடந்த எஞ்சின். படகு கவிழ்ந்த மாதிரி தெரிஞ்சுதா?"

"இல்லண்ணே. அவன் துணியில கட்டிட்டுப் போன ரொட்டிகூட நனையல."

"அப்ப முடிஞ்சுது மாமா!" கிட்டியோனே துள்ளி எழுந்தான். "மூழ்கின எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சு வித்திருக்கான் படுபாவி. கோர்ட்ல வெச்சு நாறடிச்சிடலாம்."

"உனக்கு எல்லாத்துலயும் அவசரம். கல்யாணத்துக்கும் இப்படித்தான் ஓடினே." ஹவேயா கையைத் துடைத்துக்கொண்டார். "லாத்து சின்ன வயசுலயே கடலுக்குப் போனவன். ஒரு தடவைகூடக் கயித்தை இழுத்து ஓட்டிப் பார்க்காமலா வாங்குவான்? பார்த்திருந்தா கொஞ்ச நேரத்துலயே திக்கி நின்னு, அங்கேயே குட்டு உடைஞ்சிருக்கும். ஜட்ஜ் முதல்ல அதைத்தான் கேட்பார்."

மூவரும் டாக்சியில் வைமோவானாவின் வீட்டுக்குப் போனார்கள்.

அவள் கணவர் மனாசே சபையில் பிரசங்கம் செய்கிறவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், வந்தவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. லாத்துவின் மெத்தைக்கு அடியில் உடைக்கு மேல் சுற்றிக் கட்டும் அவனுடைய இடுப்புப் பாய் மடியாமல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. வைமோவானாவே முடைந்த நேர்த்தியான பாய். அதன் நடுவில் கரிய எண்ணெய்க் கறை.

"கழுவிப் பார்த்தேன், போகல" என்றாள். "எஞ்சினைத் துடைச்சிருப்பான் போல. திட்டலாம்னா ஆள் இல்லையே."

"எஞ்சின் வாங்கின வாரம் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வந்தானா?" என்று கேட்டார் ஹவேயா.

"லேட்டுதான். உமுக் குழியடுப்புல வெந்ததெல்லாம் ஆறிப்போச்சு. சர்ச் பாட்டுக் கோஷ்டியில நிக்க வெச்சுட்டாங்கன்னு சொன்னான்."

ஹவேயா பாயைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "கடைக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஃபிலிமோனே கடையில் தனியாக இருந்தார். ஹவேயா பாயை மேஜைமேல் விரித்தார்.

"துடைச்ச கறைன்னா அங்கங்க திட்டாயிருக்கும். இது வயித்துக்கு நேரா ஒரே அப்பலா இருக்கு. எஞ்சினைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கினப்ப இந்தப் பாய் அவன் இடுப்புல இருந்திருக்கு."

"சாவு வீட்டுக்குப் போறப்பவும் பாய் கட்டுவோமே மாமா?" என்றான் கிட்டியோனே.

"அதுக்குக் கிழிஞ்ச பழைய பாய்டா. இது சர்ச்சுக்குக் கட்டுறது. ஃபிலிமோனே, நீ இதை வித்தது ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சதும், உன் கடைப் பின்வாசல்ல. ரசீதுல மட்டும் சனிக்கிழமைன்னு போட்டுட்டே. திங்கக்கிழமை வேற ஆள் வர்றான்னு சொல்லி அவசரப்படுத்தியிருப்பே. ஞாயித்துக்கிழமை இந்த ஊர்ல எஞ்சின் சத்தம் கேட்டா சர்ச்சும் போலீசும் சேர்ந்து ஓடிவரும். ஓட்டிப் பார்க்க முடியாத நாளாப் பார்த்துச் உளுத்துப்போன எஞ்சினைத் தள்ளிவிட்டிருக்கே."

கிட்டியோனே தொடையில் தட்டிக்கொண்டான். ஃபிலிமோனேயின் முகம் வெளிறி, பிறகு மெல்லத் தெளிந்தது.

"சரி, கோர்ட்ல இதையே சொல்லு" என்றார். "ஞாயிறு ஓய்வுநாள்ல செஞ்ச ஒப்பந்தம் நம்ம சட்டப்படி செல்லாது. சார்ஜென்டா இருந்தவனுக்கு நான் சொல்லணுமா? விக்கவே இல்லைன்னு ஆயிடும், ஜட்ஜ் கேஸைக் கடாசிடுவார். எனக்கு அபராதம் விழுந்தா கட்டிடுறேன்." வைமோவானாவின் பக்கம் திரும்பினார். "உம் பிள்ளை ஓய்வுநாளை மீறினான், ஆண்டவர் மறுநாளே கணக்குத் தீர்த்துட்டார்னு ஊர் பேசும் தங்கச்சி. மனாசே இனிமே எந்த முகத்தோட பிரசங்கம் பண்ணுவார்?"

ஹவேயாவுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டால் ஆள் மிரண்டு சமரசத்துக்கு வருவான் என்று கணக்குப் போட்டிருந்தார். தாயிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். துப்புத் துலங்கிய மிதப்பில் அதைக் கோட்டைவிட்டார். கெட்டிக்காரர்களுக்கே வரும் கேடு இது.

வைமோவானா பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். டாக்சியில் ஏறியதும் கேட்டாள்.

"ஆண்டவர் அப்படிச் செய்வாரா அண்ணே? ஒரு எஞ்சினுக்காகவா?"

ஹவேயா எத்தனையோ பிணங்களைப் பார்த்தவர், எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் செய்தி கொண்டுபோனவர். இப்போது, வண்டியை எடுக்கும்படி கிட்டியோனேயிடம் மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை கோர்ட்டில் மனாசே முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. மாஜிஸ்திரேட் பெயரைக் கூப்பிட்டதும் வைமோவானா எழுந்தாள்.

"கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன் ஐயா."

"ஏம்மா? காரணம் சொல்லணுமே."

அவள் கணவரை ஒருமுறை பார்த்தாள். கிட்டியோனே பாதி எழுந்தான். ஹவேயா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"எம் பிள்ளைதான் கவனமில்லாம எஞ்சினைக் கடல்ல முக்கிட்டான்" என்றாள் வைமோவானா, எல்லோருக்கும் கேட்கும்படி. "கடைக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை."

"சரி, உட்காருங்கம்மா" என்றார் மாஜிஸ்திரேட்.