பட்டியலில் இருப்பவள்

மாரெனின் துண்டு நனைந்திருந்தது.

ஹாட்டி குளியலறை வாசலில் நின்று அதைத் தொட்டுப் பார்த்தாள். குளித்துத் துவட்டிய ஈரம் இல்லை அது; பிழியாமல் அப்படியே மாட்டியதுபோல் அடியில் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே தேங்கிய தண்ணீரிலிருந்து மீன் இறங்கும் படகுத்துறையில் வெயில் ஏறியபிறகு வருமே, அந்த வாடை எழும்பி மூக்கைத் தொட்டது. அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கப்பல் ஜப்பானின் கோபே துறைமுகத்தை விட்டு இரண்டு நாளாகிறது. தனக்காகத் திருட்டுத்தனம் செய்தவளின் கண்ணில் படாமல், ஒரே அறையில் இருந்துகொண்டு கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்றால் என்ன கொழுப்பு இருக்க வேண்டும்!

திருட்டுத்தனம்தான், வேறென்ன. நான்கு மாதம் உலகத்தைச் சுற்றிக்கொண்டே பாடம் நடத்துகிற இந்தக் கப்பலில் எதை மன்னித்தாலும் தாமதத்தை மன்னிக்க மாட்டார்கள். ஒவ்வொரு துறைமுகத்திலும் மாலை ஆறு மணிக்குள் ஏணிப்படியில் அடையாளக் கார்டைத் தேய்த்து ஏறிவிட வேண்டும். பிந்தினால் அடுத்த ஊரில் இறங்க முடியாது. மூன்றாம் முறை பிந்தினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கு. மாரென் ஏற்கெனவே இரண்டு முறை பிந்தியவள்.

"அரை மணி நேரம்டி, ப்ளீஸ். என் கார்டையும் சேத்துத் தேச்சுடு. அந்தக் கூட்டத்துல எவன் மூஞ்சியப் பாக்கறான்? அப்பவே ஏறிட்டேன், போன் கீழ விழுந்துடுச்சு, எடுக்கப் போனேன்னு சொல்லி ஏறிக்கறேன்" என்று கோபேயின் கடைத்தெருவில் வாய் நிறைய ஆக்டோபஸ் உருண்டையோடு கெஞ்சினாள். எல்லோரும் செய்வதுதான். சைகோனில் ஹாட்டிக்காக மாரெனே தேய்த்திருக்கிறாள். ஹாட்டி இரண்டு கார்டையும் நீட்டினாள். இயந்திரம் இரண்டு முறை கீச்சென்றது. காவலாளி தலை நிமிரவில்லை.

ஏணியைத் தூக்கியபிறகு ஹாட்டி கப்பல் முழுக்க மாரெனைத் தேடினாள். சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து அறைக் காலெப் சிரித்தான். "இப்பதான் எழுந்து போனா. என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" கவலை போய் எரிச்சல் பற்றிக்கொண்டது. மறுநாள் வகுப்பில் மாரெனின் பெயருக்கு நேரே கையெழுத்து இருந்தது. நூலகத்தில் புத்தகம் எடுத்திருந்தாள். ஹாட்டி எங்கே போனாலும் ஒரு நிமிடம் முன்புவரை மாரென் அங்கே இருந்திருந்தாள், எங்கே போனாலும் அவள் உட்கார்ந்த நாற்காலி ஈரமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நடுக்கடலில் எப்போதாவது கிடைக்கிற இணையம் ஐந்து நிமிடம் கிடைத்தது. ஹாட்டியின் போன் அதிர்ந்தது. தேங்கிக் கிடந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் மாரெனிடமிருந்து.

"ஹாட்டி, கப்பல் போயிடுச்சுடி."

"பாஸ்போர்ட்டு அங்கதான் இருக்கு. ஆபீஸ்ல சொல்லு. திட்டினா திட்டட்டும்."

"இங்க துறைமுகத்து ஆபீஸ்லேருந்து கப்பலுக்குப் போன் போட்டாங்க. மாரென் ஹால்வர்சன் கப்பல்லதான் இருக்கான்னு பதில் வந்துச்சாம். நான்தான் மாரென்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. பையில காசு இல்ல."

"சொல்லிட்டியா?"

"யாருடி அங்க என் பேர்ல இருக்கறது?"

ஹாட்டி போனைக் கவிழ்த்து வைத்தாள். குளியலறையில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது. அவள் அதை மூடவில்லை.

காலில் செருப்புகூட இல்லாமல் பாதுகாப்பு அதிகாரி ரோஸ்கோவின் அறைக்கு ஓடினாள். சொன்னால் தன்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும். அனுப்பட்டும். அங்கே ஒருத்தி காசில்லாமல், பெயர்கூட இல்லாமல் நிற்கிறாள்.

"சார், மாரென் கப்பல்ல இல்ல. அவ கார்டைத் தேச்சது நான்."

ரோஸ்கோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐநூத்தி அறுபத்தி மூணு பேர் ஏறணும். ஐநூத்தி அறுபத்தி மூணு பேர் ஏறியாச்சு. காலையில ஆம்லெட் கூட வாங்கியிருக்கா, பாரு. ரூம்ல சண்டைன்னா நீங்களே பேசித் தீத்துக்கங்கம்மா."

"அவ முகத்தப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

கேலியில்லை. நிஜமாகவே கேட்டார். ஹாட்டிக்கு அந்த மேசையைப் புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது. எண் சரியாக இருந்தால் போதும் இவர்களுக்கு. உள்ளே வந்தது என்ன என்று ஒருத்தருக்கும் அக்கறையில்லை.

"பத்து மணிக்கு ஆபத்துக்காலப் பயிற்சி. எல்லாரும் நேர்ல வந்து நின்னாகணும். அப்ப பாத்துக்கலாம்" என்றார்.

பத்து மணிக்குச் சங்கு ஏழு முறை சின்னதாகவும் ஒரு முறை நீளமாகவும் ஊதியது. மேல்தளத்தில் உயிர்காப்புப் படகுகளுக்கு அடியில், தூறலும் டீசல் புகையும் புதுப் பெயின்ட் நாற்றமும் கலந்த காற்றில், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசை வரிசையாக நின்று கொட்டாவி விட்டன. ஹாட்டிக்கு இடப்பக்கம் மாரெனின் இடம் காலியாக இருந்தது. இருக்கட்டும். பெயரைக் கூப்பிடுவார்கள், பதில் வராது, அப்போதாவது இந்த மடையர்களுக்குப் புரியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ரோஸ்கோ அறை அறையாகப் படித்துக்கொண்டு வந்தார். முந்நூற்றுப் பத்து. பதினொன்று.

அந்த வாடை வந்தது.

இடது கால்மேல் ஒரு சொட்டு. இன்னொன்று. மழைச்சொட்டு இல்லை. உறைய வைக்கிற குளிர்.

"முந்நூத்திப் பன்னெண்டு. மாரென் ஹால்வர்சன்?"

"இருக்கேன்."

மாரெனின் குரல். காதுக்குப் பக்கத்தில்.

"அது அவ இல்ல!" ஹாட்டி கத்தினாள். "பாருங்க! ஒருத்தராவது அதோட மூஞ்சியப் பாருங்கடா!"

முன்வரிசையில் நின்ற காலெப் திரும்பினான். நேராக அதைப் பார்த்தான். "காலங்காத்தால நாடகமா, ஹாட்டி?" என்றான். அதைப் பார்த்துக் கையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஹாட்டி பார்த்தாள்.

கார்டுக்காக எடுத்த படத்தில் இருந்த முகம். அதே சிரிப்பு. கண்ணில் அதே ஃபிளாஷ் வெளிச்சம், இந்தத் தூறலில். ஹாட்டி ஓரடி நகர்ந்தாள். முகம் திரும்பவில்லை. ஆனாலும் நேராகவே தெரிந்தது. பக்கவாட்டு என்பதே அதற்கு இல்லை. தோளோடு படம் முடிகிறது. அதற்குக் கீழே லைஃப் ஜாக்கெட்டும் அதற்குள் வெறும் சட்டையும் மட்டும். சட்டைக்கைகளிலிருந்து கடல் வடிந்துகொண்டிருந்தது.

"ஹாட்டி ப்ரூவர்?"

ஈரமான ஒன்று அவள் வாயைப் பொத்தியது.

"இருக்கேன்" என்றது ஹாட்டியின் குரல்.

சிரிப்பு அசையவே இல்லை. ரோஸ்கோ தலை நிமிராமல் டிக் அடித்தார். முந்நூற்றுப் பதின்மூன்று என்றார். மற்றொரு ஈரக் கை ஹாட்டியின் இடுப்பைச் சுற்றி, வரிசையிலிருந்து பின்னால், ஓரக் கம்பியை நோக்கி, அவசரமில்லாமல் அவளை இழுத்துக்கொண்டு போனது.