பீதிப்புள்ளி இரண்டு

காலை எட்டு மணிக்கு ஊரே செய்தித் திரையின் முன்னால் காபியோடு உட்கார்ந்துவிடும். ‘குறிஞ்சி’ என்ற புதிய இயங்குதளம் வந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அதில் நாற்பது ஓட்டைகள் என்று செய்திக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்கள். வீட்டின் கதவு, அடுப்பு, விளக்கு எல்லாமே குறிஞ்சியின் பிடியில் இருந்ததால் கத்தலுக்கு நல்ல கிராக்கி.

ஓட்டைக்கு நூற்றுக்கு இத்தனை என்று ‘பீதிப்புள்ளி’ போடுவது மங்கையர்க்கரசியின் வேலை. பார்ப்பவர்களின் படபடப்பை அவர்கள் கையில் கட்டிய பட்டை அளந்து, அந்தப் புள்ளியை ஏற்றும், இறக்கும். எழுபதைத் தாண்டினால் அன்று மாலைக்குள் நாட்டின் எல்லா வீடுகளிலும் ஓட்டை தானாகவே அடைபடும். சட்டம் அப்படி. குளியலறைக் கண்ணாடி தேதியைத் தப்பாகக் காட்டியதற்கே அறுபத்தைந்து போட்ட மகராசி அவள். அதற்குக் கீழே போட்டதே கிடையாது.

இன்றைய ஓட்டையை அவள் இரண்டு தடவை படித்தாள். வீட்டை விட்டுப் போனவர்களின் பெயரைக் குறிஞ்சி நீக்க மறந்துவிடுகிறதாம். போனவர் எங்கிருந்தாலும் அந்த வீட்டு விளக்கைப் போடலாம்.

அவள் கணவன் திருமேனி நிலவின் பனிச்சுரங்கத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருந்தான். மாதம் எட்டு வரிக் கடிதம் மட்டும்தான், பேச அனுமதியில்லை. ஆனால் பத்து நாளாக, மாலை ஆறு மணிக்கு அவன் வேலை முடியும் நேரத்தில், சமையலறை விளக்கு தானாக எரிந்தது. முதல் நாள் அவள் பயந்தாள். இரண்டாம் நாள் புரிந்துகொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள்.

ஒளிபரப்புக்கு முன் இரண்டு என்று போட்டாள்.

“ரெண்டா? ஒடம்பு சரியில்லையா மங்கை?” என்றாள் தயாரிப்பாளர் ஜோஸ்பின்.

“விளக்குதானே. யாருக்கு என்ன நஷ்டம்?”

உண்மையான மதிப்பும் அதுதான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் நேர்மையாகப் போட்ட எண். அதுதான் வினையாகிவிட்டது. செய்தி வாசிப்பவர் கண்ணை உருட்டினார். “நம்ம மங்கையர்க்கரசியே ரெண்டுங்கிறாங்க. அப்படின்னா யாரோ அவங்க வாயை அடைச்சிருக்காங்க! எதை மறைக்கிறாங்க?”

எட்டு இருபதுக்குப் புள்ளி தொண்ணூற்று நான்கு.

“அது அவரு போடற விளக்கு, ஜோஸ்பின்,” என்றாள் மங்கை.

“அடிப்பாவி, முன்னாடியே சொல்லியிருந்தா இந்தச் செய்தியையே எடுத்திருக்க மாட்டேனே!”

வழக்கம்போல அறுபத்தைந்து போட்டிருந்தால்கூட நாற்பதோடு நாற்பத்தொன்றாக யாரும் கவனிக்காமல் போயிருக்கும்.

மாலை ஆறு மணி ஆயிற்று. சமையலறை இருட்டாகவே இருந்தது. நிலவில் திருமேனி கையுறையைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல விளக்கைப் போட்டிருப்பான். எரிந்ததா இல்லையா என்று அவனுக்கு ஒருபோதும் தெரிந்ததில்லை. எரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பான்.

மங்கை எழுந்து, தன் கையாலேயே விளக்கைப் போட்டாள். பிறகு இந்த மாதக் கடிதத்தை எடுத்து முதல் வரியை எழுதினாள்: தினமும் ஆறு மணிக்கு விளக்கு எரிகிறது, விட்டுவிடாதீங்க.