திறந்த கதவில் ஒரு தட்டல்

எல்லைக்கோட்டை வாசலில் சுற்றுலா வேன் வந்து நின்றதுமே, பெரிய கதவின் சாவியை வைத்திருந்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. மலையைப் பார்க்கட்டும், ஆற்றைப் பார்க்கட்டும், பழைய மதிலைத் தடவிப் பார்க்கட்டும். யார் வேண்டாமென்றது? இந்த வழிகாட்டி அதோடு விடுகிறவனா?

"பொழுது சாஞ்சா கதவை அடைச்சிடுவாங்க. அப்புறம் யார் தட்டினாலும் விடியற வரைக்கும் திறக்க மாட்டாங்க," என்று அளந்தான். "ஒருநாள் காவல்காரரோட சொந்தப் பொண்ணே வெளியில மாட்டிக்கிச்சு. பனியில விறைச்சுச் செத்துப்போச்சு. அது எப்படித் தட்டுச்சுன்னு இப்பக் காட்டுறேன்."

அந்தக் காவல்காரர் இவளுடைய அப்பா. செத்தவள் இவளுடைய தங்கை. அன்று இவள்தான் சாவியைக் கேட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மனுஷன் அசையவில்லை. அந்த ஆத்திரமே இன்னும் அடங்கவில்லை, இவன் அதை வைத்துக் கூத்தடிக்கிறான்.

"வேணாம் தம்பி. அவளை வச்சு விளையாடாதே."

"சும்மா இருங்கக்கா. இதுக்குத்தான் கூட்டமே வருது," என்று கண்ணடித்துவிட்டு வெளியே போனான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் கதவைப் பூட்டினாள்.

தட். தட்.

"அப்பா, குளிருதுப்பா," என்று கீச்சுக் குரலில் அழுதான். உள்ளே நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அவனுடைய சொந்தக் குரல் வந்தது. "அக்கா, திறங்க."

"நல்லா நடிக்கிறான்யா," என்றார் ஒருவர்.

"விளையாட்டு இல்லக்கா. யாரோ என் கையப் பிடிச்சிருக்காங்க. சின்னக் கை. ஜில்லுனு இருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள்.

சாவி அவள் கையில்தான் இருந்தது. கத்தட்டும், நன்றாகக் கத்தட்டும் என்று நின்றாள். தொண்டை கிழியக் கத்தினான்.

சத்தம் நின்றது.

கதவுக்கு அடியிலிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது. தங்கை கடைசியாகப் போர்த்தியிருந்த கம்பளியின் வாடை.

கதவைத் திறந்தாள். அவனுடைய தொப்பி மட்டும் கிடந்தது. ஆறுவரை போய்த் தேடினார்கள், ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் வேன் வரவில்லை. பொழுது சாய்ந்தது. நானும் அப்பா மாதிரியே நின்றுவிட்டேனே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது அவளுக்கு. கதவை அகலத் திறந்து, இரண்டு பக்கமும் கல்லை முட்டுக்கொடுத்தாள்.

"வாடி, உள்ள வா. அவனையும் கூட்டிட்டு வா. இனிமே அடைக்க மாட்டேன்."

யாரும் வரவில்லை.

திறந்து கிடந்த கதவுப்பலகையில், தாழ்வாக ஒரு சின்னக் கை தட்டியது. அதற்கு மேலே ஒரு பெரிய கை.