சுவரில் நின்றவர்கள்

முதல் நாள் சுவரில் மூன்று பேர் நின்றார்கள். மறுநாள் ஐந்து பேர். அதற்கு அடுத்த நாள் சில்லு எண்ணிப் பார்த்தபோது ஒன்பது பேர் ஆகியிருந்தார்கள்.

அவர்களுக்குக் கண் இல்லை, வாய் இல்லை. புகைபோல வெளுத்த தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. பள்ளிக்கூடத்தின் புதுச் சுற்றுச்சுவரில், தரையிலிருந்து எழும்பியவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். சாயங்காலம் காவலாளி ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார். காலையில் மறுபடி வந்து நிற்பார்கள். வரும்போது கொஞ்சம் வளர்ந்தும் இருப்பார்கள்.

"நேத்து இவன் என் இடுப்பளவுதான் இருந்தான். இன்னிக்குத் தோளுக்கு வந்துட்டான்," என்றான் கொட்டாவி. பாடம் தொடங்கினாலே வாயைப் பிளப்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் அது. இப்போதும் அவன் வாய் திறந்துதான் இருந்தது, ஆனால் தூக்கத்தால் இல்லை.

"சும்மா இரு," என்றாள் சில்லு.

அந்தச் சுவரின் கற்கள் அவளுடைய அம்மாவின் பட்டறையில் செய்தவை. இடித்த கட்டடங்களின் இடிபாடு லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். இரும்பு, மரம், கண்ணாடி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை மிஷினில் போட்டு நொறுக்குவார்கள். நொறுங்கியது சிமென்ட்டோடு சேர்ந்து புதுக் கல்லாகிவிடும். எந்தக் குவியல் எங்கிருந்து வந்தது என்று பெயின்ட் டப்பா மூடியில் எழுதி, குவியலின் மேல் நட்ட கம்பியில் மாட்டியிருப்பார்கள். மூடியைப் படிக்காமல் மிஷின் மாமா ஒரு கல்லைக்கூடத் தொடமாட்டார்.

மூடியில் எழுதியிருந்தபடி, இந்தச் சுவருக்கு முற்பிறவியில் மருத்துவமனை என்று பெயர். அந்த விஷயம் வெளியே கசிந்ததும் வந்தது வினை.

"ஆஸ்பத்திரியில இருந்தவங்க கல்லோட கல்லா வந்துட்டாங்க," என்று பிள்ளைகள் கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே மறுத்தார்கள். யாரும் விளையாடாத சுவரோரத்தில் ஒரு பந்து மூன்று நாளாக அப்படியே கிடந்தது.

புதன்கிழமை தலைமை ஆசிரியை அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். சில்லுவும் கூடப் போய் நின்றாள். அறையில் சுவரைப் பார்த்த ஜன்னல் சாத்தியிருந்தது.

"எனக்குப் பேய் பிசாசுல எல்லாம் நம்பிக்கை கிடையாது," என்றார் தலைமை ஆசிரியை, சாத்திய ஜன்னலைத் திரும்பிப் பார்த்தபடி. "ஆனா இருபது பிள்ளைங்க வரலை. காரணம் தெரியாத சுவரை நான் எப்படி வெச்சுக்க முடியும்? வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு சொல்லுங்க. இல்லேன்னா இடிச்சுடலாம். புதுசா கட்டப்போற நூலகத் தூணுக்கும் வேற இடத்துல ஜல்லி வாங்கிக்கறோம்."

"அந்த ஆஸ்பத்திரி கான்கிரீட் முதல் தரம், மேடம். அதுல குறை வரவே வராது," என்றாள் அம்மா. லாரிக்காரர்களையே அதட்டுகிற அம்மாவின் குரல் நடுங்கியது. அதைக் கேட்க சில்லுவுக்குத் தாங்கவில்லை. அன்று வீட்டில் அம்மா சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர, ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

மறுநாள் இடைவேளையில் சில்லு நேராகச் சுவரிடம் போனாள். கொட்டாவி பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

"நான் இங்கிருந்தே துணைக்கு இருக்கேன்," என்றான்.

கிட்டே போகப் போக அந்த இடத்தில் மட்டும் குளிர்ந்தது. நேற்று காவலாளி துடைத்த ஈரம் இன்னும் அடிக்கல்லில் இருந்தது. ஒன்பது பேரும் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது, கண் இல்லாமலேயே. சில்லு மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றவரின் தோளைத் தொட்டாள்.

பொசுபொசுவென்று மாவு மாதிரி உதிர்ந்தது. காற்றடித்து அதில் கொஞ்சம் அவள் உதட்டில் ஒட்டிக்கொண்டது. யோசிக்காமல் நாக்கால் துடைத்துவிட்டாள்.

"பேயையா நக்கினே?" கொட்டாவி இன்னும் இரண்டடி பின்னால் போனான்.

"உப்புக் கரிக்குதுடா."

"பேய் உப்பாவா இருக்கும்?"

சில்லுவின் முகத்தில் ஈயாடவில்லை. பேயைத் தொட்டபோதுகூட வராத பயம் இப்போது வந்தது.

பட்டறையில் இரண்டு குவியல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று மருத்துவமனை. இன்னொன்று உப்புக் கிடங்கு. உப்புக் கிடங்கு இடிபாட்டைத் தொட்டியில் ஊறவைத்து, பல தடவை அலசி, சோதித்துப் பார்க்காமல் மிஷினில் போடவே கூடாது. அது பட்டறைச் சட்டம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால், ஜல்லி என்ற பட்டறை நாயைத் துரத்துவதற்காக ஒருத்தி அந்த இரண்டு மூடிகளையும் கழற்றி ஜால்ரா தட்டினாள். ஆட்டம் முடிந்ததும் கைக்கு வந்தபடி மாட்டிவிட்டு ஓடிப்போனாள். அந்த ஒருத்தி சில்லுதான்.

பள்ளி விட்டதும் பட்டறைக்கு ஓடினாள். மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் மாமா 'மருத்துவமனை' மூடி மாட்டிய குவியலில் இருந்து அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இது எதுக்கு?"

"நூலகத் தூணுக்கும்மா. வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாயிடும்னு உங்கம்மா நம்பறாங்க."

காற்றடித்து மூடி விழுந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். அவள் ஜால்ரா தட்டியதைப் பார்த்தது ஜல்லி மட்டும்தான், அது சொல்லப்போவதில்லை. சில்லு ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"மிஷினை நிறுத்தச் சொல்லும்மா. அது ஆஸ்பத்திரி இல்ல, உப்புக் கிடங்கு. மூடியை நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

அம்மா குவியலிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள். மிஷின் நின்றது. அந்த அமைதியில் சில்லுவின் விசும்பல் மட்டும் கேட்டது. அம்மா நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

"சுவருக்குள்ள கம்பி கிடையாது, அதனால தப்பிச்சோம்," என்றாள் அம்மா கடைசியில். "தூணுக்குள்ள கம்பி இருக்கும். உப்பு அதைத் தின்னுடும். நீ இன்னிக்குச் சொல்லாம விட்டிருந்தா..." மிச்சத்தைச் சொல்லாமல் சில்லுவை இழுத்து அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு மேடம்கிட்டயும் நீயேதான் சொல்லணும்."

வெள்ளிக்கிழமை சில்லு சொன்னாள், ஜால்ரா உட்பட. கேட்டு முடித்த தலைமை ஆசிரியை சுவரருகே வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, வெண்பொடியைத் தொட்ட விரல் நுனியை நாக்கில் வைத்தார்.

"கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு," என்றார்.

சுவர் பிழைத்தது. ஈரத்துணியால் துடைத்ததுதான் தப்பு, உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது என்று அம்மா விளக்கினாள். அதன்பின் தினமும் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை முறத்தில் அள்ளி வெளியே கொட்டினார்கள். சில்லு ஒருநாள்கூடத் தவறவில்லை. கொட்டாவி முறம் பிடித்தான். ஒன்பது பேர் ஆறு பேரானார்கள், பிறகு இரண்டு பேர். ஒரு மாதத்தில் சுவர் காலியானது. உண்மையான மருத்துவமனைக் குவியலிலிருந்து நூலகத் தூண்கள் எழும்பின. சுவரோரத்தில் மறுபடி பந்து உருண்டது.

பிறகு ஒரு காலையில், சுவரின் கோடியில் ஒரே ஒருத்தி நின்றிருந்தாள். சரியாகச் சில்லுவின் உயரம்.

சில்லு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரிக்கவில்லை.

"யாரோ சாக்பீஸால வரைஞ்சிருக்காங்க," என்றாள் சத்தமாக.

"சத்தியமா நான் இல்ல," என்றான் கொட்டாவி. மற்ற பிள்ளைகளும் அதையேதான் சொன்னார்கள்.

சில்லு பிரஷ்ஷை எடுத்தாள். தன் உயரத்தில் தனியாக நிற்பவளைத் துடைக்க மனம் வராமல், அதைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். மதியம் சாப்பாட்டு டப்பாவோடு அந்தக் கோடிக்கே போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருத்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.