ஜெசிந்தா வீட்டு வாசல் கோணல்

செவ்வாய்க் கிரகத்தில் புது மணப்பாடு என்ற ஊர்க்காரர்கள் காலையில் பல் தேய்க்கிறார்களோ இல்லையோ, குளியலறைக் கண்ணாடி முன் கண்ணை அகல விரித்து, அதிலுள்ள கேமராவால் விழித்திரையைப் படம் பிடித்துவிடுவார்கள். பிடித்த கையோடு சொந்தபந்தம் அத்தனைக்கும் அனுப்ப வேண்டும். 'என்ன நிறம், என்ன நரம்பு!' என்று நாலு பேர் மெச்சாவிட்டால் காப்பி இறங்காது.

இந்த விஷயத்தில் பேருந்து ஓட்டும் ஜெசிந்தாவை அடிக்க ஊரில் ஆள் இல்லை. அவள் விழித்திரை பழுத்த நார்த்தங்காய் நிறம். ஒரு புள்ளி கிடையாது. ஆனால் ஒரு வாரமாக அவள் வீட்டு நிலைவாசல் நடுவில் வளைந்து தெரிந்தது. இரண்டு முறை தோளை இடித்துக்கொண்டாள். கொத்தனார் ரோபோவைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தாள். அது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, "நிலை நேராகத்தான் இருக்கிறது, அம்மா" என்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை அதற்கும் தெரிந்திருக்கும். பாவம், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டது.

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும் நாள் வந்தது. கண் டாக்டரும் ரோபோதான், பெயர் நோக்கி. அது கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, பரோட்டாவைப் பிரிப்பதுபோல் விழித்திரையை அடுக்கடுக்காகப் பிரித்துப் படம் காட்டியது.

"நடுவில் நீர் கோத்திருக்கிறது. நேரான கோடும் வளைந்துதான் தெரியும். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பேருந்தும் இல்லை, பார்வையும் இல்லை."

ஜெசிந்தா அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள். "காலைல எடுத்த படம் பளிச்சுன்னு இருந்துச்சே, டாக்டர்?"

"உங்கள் குளியலறைக் கண்ணாடியில் படத்தை மெருகேற்றும் அழகூட்டி இருக்கிறது. முகப்பருவை அழிப்பதுபோல் நோயையும் அழித்துவிடும். படம் அழகாக இல்லையென்று ஜனங்கள் திட்டியதால்தான் அதை வைத்தார்களாம்."

ஓர் ஊசி, பத்து நாள். வாசல் நிமிர்ந்தது, உரிமமும் கிடைத்தது. ஜெசிந்தா சந்தோஷம் தாங்காமல் நிலையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். கொத்தனார் ரோபோவைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டாள். பிறகு நோக்கி எடுத்த படத்தை, புள்ளியும் வீக்கமுமாக, அப்படியே உறவுக்கெல்லாம் அனுப்பினாள். 'அழகூட்டிய அணைச்சிட்டுப் பாருங்க. உடனே டாக்டர்ட்ட போங்க' என்று கீழே எழுதினாள்.

'யார் கண்ணு பட்டுச்சோ' என்று பதினேழு பேர் பதில் போட்டார்கள். 'அந்தப் படத்த அழி புள்ள, பாக்கச் சகிக்கல' என்றார் மாமியார். டாக்டரிடம் போனவர் ஒருவரும் இல்லை. அக்கா ரோஸ்லின் மட்டும் கூப்பிட்டே பேசினாள்.

"ஏட்டி, ஒன் கண்ணாடி கெட்டுப்போச்சு. வேற மாத்து. என்னுது தங்கமா காட்டுது."

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

"அத விடு. ஒங்க வாசல நிமித்துன கொத்தனார இங்க கொஞ்சம் அனுப்பி வை. எங்க வாசலும் நாலு நாளா வளைஞ்சு கெடக்கு."