மழையில் இறங்கிய மான்தோல் பூட்ஸ்

வாத்தியக் குழு முதல் பாட்டை முடிப்பதற்குள் கேப்டன் ரோஸ்விக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இன்ஸ்பெக்டர் ஔனேயிடம் வந்துவிட்டார். வட துருவத்துக்குப் புறப்படும் மனிதரைப் பார்க்க ட்ரோன்ஹெய்ம் நகரமே ரயிலடியில் நனைந்துகொண்டு நின்றது.

“என் கடல் கடிகாரத்தைக் காணோம் இன்ஸ்பெக்டர். முந்தின ஸ்டேஷன்லதான் சாவி கொடுத்தேன். இப்பக் கடிகாரப் பெட்டி காலி. அது இல்லாட்டி பனியில நான் எங்க நிக்கிறேன்னே தெரியாது.”

“கப்பல் எப்போ?”

“சாயங்காலம், கடல்ல நீர்மட்டம் ஏறினதும். இன்னிக்கு விட்டா இந்த வருஷம் பனி வழி விடாது.”

ஔனே வாசலை அடைக்கச் சொன்னார். ரயிலில் கேப்டனின் பெட்டியில் உடன் வந்தவர்கள் இரண்டே பேர். டாக்டர் ஃபால்க் ஒருவர். போன பயணத்தில் பனிக்கு இடதுகால் விரல்களைக் கொடுத்த பழைய தோழர் எய்லிஃப் மற்றவர். இருவரின் பைகளையும் சட்டைகளையும் சோதித்தாயிற்று. மழைக்காக ரயில் ஜன்னல் வழி நெடுக மூடியே இருந்தது.

“டாக்டர்தான் சார்,” என்றாள் பத்திரிகை நிருபர் ராக்னா. “இறங்கினதுமே ஓடிப்போய் டிரம்காரரைக் கட்டிப் பிடிச்சாரே. டிரம்முக்குள்ள இருக்கும்.”

“அவன் என் தம்பிம்மா,” என்றார் டாக்டர். “தாராளமாக் கிழிச்சுப் பாரு. அவன் அடிக்கிற அடிக்கு ஊரே உன்னைக் கும்பிடும்.”

ஔனே தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எய்லிஃபின் தோளில் கொழுப்புத் தடவிய கனமான தோல் பூட்ஸ் தொங்கியது. காலில் இருந்தது பனிமான் தோல் பூட்ஸ். அதிலிருந்து நீர் சொட்டியது.

“ராக்னா, மான்தோலை மழையில போட்டா?”

“முடி கொட்டிப் பாழாயிடும். எங்க ஊர்ல சின்னப் புள்ளைகூடப் போடாது.”

“மழைக்கு ஆனது தோள்ல தொங்குது. துருவத்தையே பார்த்தவர் பாழாகிறதைக் கால்ல மாட்டிட்டு வந்திருக்கார். ஏன்னா அதுலதான் குளிருக்காகக் காய்ஞ்ச புல்லைத் திணிக்க இடம் இருக்கு. விரல் இல்லாத காலுக்கு இன்னும் நிறைய இடம். எய்லிஃப், இடது காலைக் கழட்டுங்க.”

எய்லிஃப் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கழற்றினார். நுனியில் புல், புல்லுக்குள் கம்பளித் துணி, துணிக்குள் கடிகாரம். ஔனே காதில் வைத்துப் பார்த்தார்.

“ஓடுது.”

“யாருக்குடா விக்கப் பார்த்தே?” கேப்டன் எய்லிஃபின் தோளைப் பிடித்தார்.

“விக்கிறவர் இவ்வளவு பத்திரமாச் சுத்தியிருக்க மாட்டார்,” என்றார் ஔனே.

“கப்பல் போகக் கூடாது, அவ்வளவுதான்,” என்றார் எய்லிஃப் கேப்டனிடம். “போன தடவை உன் தம்பியைப் பனியில மூடினது இந்தக் கை. உன்னையும் மூடச் சொல்லாதே.”

கேப்டன் அந்த ஈர பூட்ஸைக் கையில் எடுத்து விரலால் தேய்த்தார். முடி ஒட்டிக்கொண்டு வந்தது.

“இதோட நீ வர முடியாது.”

“தெரியும்.”

“அப்ப கரையிலயே இரு. நான் திரும்பி வர்றப்ப இந்த ரயில்ல ஏத்திவிட ஆள் வேணும்.”

“புகார் எழுதணுமா?” என்று கேட்டார் ஔனே.

கேப்டன் கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டார். “எதுக்கு? இங்கதானே இருக்கு.”

இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது. ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் ஈரக் காலுறையுமாக, எய்லிஃப் கேப்டனின் பெட்டியைச் சுமந்து துறைமுகம் வரை கூடவே நடந்தார்.