நெகட்டிவ்... இல்லையென்றால் கழுத்து!

நவம்பர் 18, செவ்வாய். இன்றைய தவறு: பண்ணைக்காரர் பேச்சிராஜா கோழித் தொண்டையில் தடவிக் கொண்டுவந்த பஞ்சுக்குச்சியை (ஸ்வாப்) அப்படியே வாங்கி மெஷினில் ஏற்றிவிட்டேன். பண்ணைக்குப் போய் நாமே எடுத்திருக்க வேண்டும்.

தன் தவறுகளைக் குறித்துவைக்கும் நோட்டில் முத்துச்செல்வி அதற்கு மேல் எழுதவில்லை.

போன் அலறியது!

மில்லர்புரத்தில் இருந்த அந்தக் கோழி நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். மாலை வகுப்புக்குக் கிளம்ப வேண்டிய நேரம்.

"முத்துச்செல்வி!" கால்நடை டாக்டர் நேசக்குமாரின் குரல். மூச்சு இரைத்தது. "பேச்சிராஜா பண்ணையில இருக்கேன். கொட்டகை பூரா கோழி செத்துக் கிடக்கு. நானே ஸ்வாப் எடுத்துட்டேன். அவனுக்கு ரிப்போர்ட்டைக் குடுத்திராத... ஏய்... வேண்டாம்... ஆ...!"

சதக்!

போன் செத்தது.

உடனே போலீசுக்குச் சொன்னாள். ஜீப் பண்ணைக்குக் கிளம்பியது.

அவளும் ஓடியிருக்கலாம். ஆனால் மெஷின் பாதியில் நின்றால் சோதனை வீண். முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள்!

கதவு உதைபட்டுத் திறந்தது.

பேச்சிராஜா. வெள்ளை வேட்டியெல்லாம் ரத்தம். கையில் அரிவாள்.

"ரிப்போர்ட் எங்களா?"

"இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, அண்ணாச்சி... டாக்டரை என்ன செஞ்சீங்க?"

"கோழிய வெட்டுதாப்ல வெட்டிப் போட்டுட்டு வாரேன். ஹார்பர்ல என் கண்டெய்னர் நிக்கி. கறி கப்பலேறணும்னா நோய் இல்லன்னு உன் ரிப்போர்ட் வேணும். நெகட்டிவ்... இல்லன்னா உன் கழுத்து. எது வசதி?"

அரிவாள் முனை தொண்டையில் பதிந்தது. சூடாக ஒரு துளி காலருக்குள் இறங்கியது.

மானிட்டரில் கோடு படுத்தே கிடந்தது.

பிறகு எழுந்தது. மேலே... மேலே...

பாசிட்டிவ்!

"என்னளா, கோடு மேல ஏறுது?"

"ராணிக்கெட் வைரஸ், அண்ணாச்சி. கோழிக்கு வர்ற வெள்ளைக்கழிச்சல்."

பளார்!

மேஜையில் மோதி உதடு கிழிந்தது.

"பொய் சொல்லுத! அது பண்ணைக் கோழியே இல்ல. என் வீட்டு நாட்டுக்கோழி! ஒரு தும்மல் கிடையாது. சேவல் கூவுனா தெருவே எந்திரிக்கும்!"

சோதனைக் குழாயை மாற்றி வைத்துவிட்டேனோ? வழக்கமான சந்தேகம் அவளைப் பிடுங்கியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்தில் இன்னொரு நிறத்திலும் ஒரு கோடு ஏறியிருந்தது.

"அண்ணாச்சி... இது நோய்க் கிருமி இல்ல. ரெண்டாவது கோடும் ஏறினா, தடுப்பு மருந்துல இருக்கிற கிருமின்னு அர்த்தம். மெஷின் ரெண்டையும் பிரிச்சுக் காட்டும். உங்க வீட்டுக் கோழிக்கு யாரோ சொட்டு மருந்து விட்டிருக்காங்க."

"எனக்குத் தெரியாம என் வீட்ல எவன் விடுவான்? இப்பமே உன் பொய்யை உடைக்கேன் பாரு!"

மனைவியை அழைத்தான். ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஏளா முருகேஸ்வரி! நம்ம கோழிக்கு மருந்து கிருந்து விட்டியா?"

"ஆமா. போன வாரம் முகாம்ல கண்ணுல சொட்டு விட்டாங்க. நீங்க வீடு தங்குனாத்தான தெரியும்?"

பேச்சிராஜா வெளிறினான்.

"பொறவு இன்னொண்ணு," முருகேஸ்வரியின் குரல் நிதானமாக வந்தது. "நீங்க வெட்டுன டாக்டர் சாகல. பண்ணை வேலியில நுழைஞ்சு, தவந்தே நம்ம அடுப்படிக்கு வந்துட்டாரு. என் சேலையைக் கிழிச்சுக் கட்டுப் போட்டிருக்கேன். இன்ஸ்பெக்டரும் இங்கனதான் நிக்காரு. நானும் ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன்!"

"ஏளா...!"

வெறியோடு அரிவாள் இறங்கியது. முத்துச்செல்வி குனிந்தாள். மானிட்டர் இரண்டாகப் பிளந்தது!

மேஜை துடைக்க வைத்திருந்த ப்ளீச்சிங் கரைசல் கைக்கு எட்டியது. வாளியோடு அவன் முகத்தில் வீசினாள்.

அலறல்!

கண்ணைப் பொத்திக்கொண்டு சரிந்தவனின் மணிக்கட்டில் இரும்பு ஸ்டூலை இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அரிவாளை எட்டி உதைத்தாள்.

"என்ன சத்தம் அது?" போன் கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா. அண்ணாச்சிக்கும் கண்ணுல சொட்டு விட்டாச்சு!"

போலீஸ் வந்தது. குழாயடியில் கண்ணைக் கழுவிவிட்டு, உடையாத கையில் விலங்கு மாட்டினார்கள். வாசலில் திரும்பிப் பேச்சிராஜா முறைத்தான்.

முத்துச்செல்வி தொண்டையில் பஞ்சை அழுத்தியபடி சொன்னாள்.

"நாளைக்குக் காலையில மொத வேலை, டாக்டர் எடுத்த ஸ்வாப்பை ஓட்டணும். ரிப்போர்ட்டை எங்க அனுப்பட்டும், அண்ணாச்சி? பண்ணைக்கா... பாளையங்கோட்டை ஜெயிலுக்கா?"